வெந்நீர் அடுப்பும் என் பேத்தியின் கட்டுரையும்

என் பேத்தி நுரையீரல் டாக்டர். பெரம்பலூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை. நோயாளிகளைப் பார்ப்பதோடு கட்டுரைகளும் எழுதுகிறாள். அவையெல்லாம் இங்கிலீஷ் புத்தகங்களில் வருகின்றன. எனக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்து தெரியாது, அதனால் இங்கிலீஷாயிற்றே என்று நான் கவலைப்பட்டதில்லை. வந்த ஒவ்வொன்றையும் அச்செடுத்துக் கொண்டுவந்து தருவாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற மருமகள், "மஞ்சக் கறை பட்டுப் பாதி எழுத்து தெரியல, அதையும் சொல்லுங்கத்தை" என்கிறாள். சொல்லிவிட்டேன்.

அரியலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர்ப் பெண்களை வைத்தே ஒரு கட்டுரை எழுத வந்தாள். விறகில் சமைப்பவர்களுக்கும் கேஸில் சமைப்பவர்களுக்கும் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். சமுதாயக் கூடத்தில் மேசை போட்டு, ஊதுகிற மெஷினை வைத்தாள். மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, "ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று கத்துவாள். பக்கத்து வீட்டுக்காரி ஊதி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, "எம் மாமியா மேல இருந்த கோவம் பூரா ஊதிட்டேன் பாப்பா. இன்னும் ஊதணும்னா அந்தம்மாவத் திரும்பக் கூட்டியாந்தாத்தான் உண்டு" என்றாள். கூடமே சிரித்தது.

கட்டுரையை ஒரு பெரிய பத்திரிகை ஏற்றுக்கொண்டது. அது அச்சில் வந்தால்தான் பதவி உயர்வு நேர்காணலுக்கு அவளால் போக முடியும். என் மகன், அதாவது அவளுடைய அப்பா, டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தான்.

அப்போது மார்கழி. பேத்தி லீவில் வந்திருந்தாள். அன்று காலையில் கரண்ட் இல்லை, எங்கள் ஹீட்டர் ஓடவில்லை. ஒரு வாளி வெந்நீர் வாங்கலாம் என்று பக்கத்து வீட்டுப் புறக்கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அங்கே காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை அடுப்பில் திணித்து, குழலால் ஊதி ஊதிப் புகைக்குள் இருமிக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சின்னம்மா, நீங்க கேஸ்னுதானே சொன்னீங்க?"

"ஆமா பாப்பா. சோறு, கொழம்பு எல்லாம் கேஸ்லதான். இது குளிக்கிற தண்ணி. நீ சமைக்கிறதத்தானே கேட்ட?"

"தெனமுமா?"

"பின்ன, குளிக்காமயா இருக்கோம்? நெல்லு அவிச்சாலும் இதுலதான்."

பேத்தி வாளியைக் கீழே வைத்தாள். குளிக்கவில்லை. அப்படியே வீடு வீடாகப் போனாள். கேஸ் என்று சொன்ன வீடுகளில் பாதிக்கு மேல் புறக்கடையில் புகை. யாரும் பொய் சொல்லவில்லை. வெந்நீர் போடுவதைச் சமையல் என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்? என்னைக் கேட்டிருந்தாலும் நானும் கேஸ் என்றுதான் சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்தவளுக்குக் காபி நீட்டினேன். வாங்காமல் நேரே அப்பாவிடம் போனாள்.

"கட்டுரைய நிறுத்தச் சொல்லப் போறேன்ப்பா."

"பைத்தியமா ஒனக்கு? நேர்காணல் வருது. எவன் வந்து இந்த ஊரு அடுப்ப எட்டிப் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனேப்பா. கேஸ் வந்தும் நுரையீரலுக்குப் பெருசா நல்லதில்லன்னு எழுதியிருக்கேன். ஆனா கேஸ்னு சொன்னவங்களும் பொகையிலதான் இருந்திருக்காங்க. அத நம்பி கவர்மெண்டுல கேஸ் குடுக்கிறத நிறுத்திட்டாங்கன்னா?"

மகன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் போனில் அந்தப் பத்திரிகைக்கு என்னமோ தட்டினாள். கடைசியாக ஒரு தட்டுத் தட்டுவதற்கு முன்னால் என்னை நிமிர்ந்து பார்த்தாள். காபித் தம்ளர் என் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டாள்.

அதன் பிறகு போன் மணி அடித்தாலே எனக்குத் திக்கென்றிருக்கும். தப்பாக எழுதுகிறவள் என்று ஒதுக்கிவிடுவார்களோ, இனி இவள் எழுதுவதை எவரும் வாங்க மாட்டார்களோ என்று பயம். அப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மகன் டிவியைச் சத்தமாக வைப்பான். கடைசியில் பதில் வந்தது: நிறுத்தி வைத்திருக்கிறோம், மறுபடி விசாரித்து எழுதுங்கள். அதற்குள் நேர்காணல் இவள் இல்லாமலேயே முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். இப்போது கேள்வி வேறு. "எந்திரிச்சதுலேருந்து படுக்கிற வரைக்கும் எதுக்கெல்லாம் நெருப்பு மூட்டுறீங்க?" பெண்கள் முழித்தார்கள். "உண்மையச் சொன்னா சிலிண்டர நிறுத்திருவாங்களா?" என்று ஒருத்தி என் காதில் கேட்டாள். பேத்திக்கும் கேட்டுவிட்டது. "உங்க பேரு யாருக்கும் போவாது சின்னம்மா" என்று உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்கள். வெந்நீர், நெல், கொசுவுக்கு மூட்டம் என்று எல்லாம் வெளியே வந்தது.

போன மாதம் அந்தக் கட்டுரை வந்துவிட்டது! ஓடி வந்து என் கையில் கொடுத்தாள்.

"இதுல வெந்நி அடுப்பு எங்கடி?"

என் விரலைப் பிடித்து ஒரு வரியின் மேல் வைத்தாள். "இங்க அப்பத்தா. கேஸ் குடுக்கிறதோட இந்த அடுப்பையும் மாத்துனாத்தான் மூச்சு தேறும்னு எழுதியிருக்கேன்." நான் விரலை எடுக்கவே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "எங்க வூட்டு அடுப்பா? படம் போட்டிருக்கா?"

"இல்ல சின்னம்மா."

"நல்லவேளை. மெழுவாம கெடக்கு."

மகன் அதை வாங்கி, நின்றபடியே வெகுநேரம் பார்த்தான். "அடுத்த நேர்காணலுக்கு எப்பக் கூப்புடுவாங்க?" என்றான்.

"தெரியலப்பா. கூப்புட்டா போறேன்."

என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது, "இதுக்காச்சும் மஞ்ச தடவாதம்மா" என்றான்.