மைக்கில் வாசித்த பெயர்

நாங்கள் இருக்கும் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. மூன்று மாடிக்கு ஒரு தடவைதான் கதவு திறக்கும். எட்டாம் மாடிக்காரர்கள் ஏழில் இறங்கிப் படியேற வேண்டும். ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று ஆறு வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை. கல்யாணமாகி இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மீன் பையோடு தப்பான மாடியில் இறங்கி, எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கவும் அழுதுகொண்டு நின்றேன். "ஊர்க்காரியா? எந்த வூடு லா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே கூட்டிவந்து விட்டவர் எங்கள் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா. அன்றிலிருந்து அவர் "பசியாறிட்டியா?" என்று கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி.

என் வீட்டுக்காரர் போகும் சபை புதியது, ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அவரோடு நானும் போகிறேன். அக்கா பழைய கத்தோலிக்கக் குடும்பம். "கீழ டயரு, மேல ஜெபமா? போறவங்களுக்குக் காத்தடிச்சி அனுப்புவாங்களா?" என்று கேலி செய்வார்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அரிசி, மைலோ பவுடர், சார்டின் மீன் டின், பிள்ளைகளுக்கு உடுப்பு கொடுப்பதென்று சபையில் முடிவானது. தெரிந்த குடும்பம் இருந்தால் எழுதித் தரச் சொல்லி பாஸ்டரம்மா ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். எனக்கு உடனே அக்கா ஞாபகம்தான். அவர் வீட்டுக்காரர் ஆண்டனி அண்ணன் வேலை பார்த்த மாக் மண்டின் தொழிற்சாலையில் ஆள் குறைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அண்ணன் அதற்குப் பிறகும் தினம் காலையில் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர் மாதிரியே கிளம்புவார். துணி காயப்போடும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னார். "அவரு தங்கச்சிக்குக்கூடத் தெரியாது மா. நீ வாயத் தொறந்துடாத."

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதினேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். படிவம் என்றாலே கை வேர்க்கும். விசா புதுப்பிக்கப் போனபோது ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதற்காக கவுன்டர் அம்மா காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். மறுபடி வரிசை, மறுபடி ஒரு நாள். அன்றைக்கு விழுந்த பயம். சபைப் படிவத்தில் 'உதவி தேவைப்படும் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. வெறுமையாக விட்டால் அக்காவுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று, இருந்ததை இருந்தபடி எழுதிக் கொடுத்தேன். அக்காவிடம், "பாட்டு, நாடகம், பிள்ளைங்களுக்குப் பரிசு எல்லாம் இருக்கு, வாங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார்கள், நாலு பேரும். எங்கள் பிளாக்கில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் பாடி முடித்தார்கள், பீஹூன் என்கிற அரிசி சேமியா சாப்பிட்டோம். பாஸ்டர் ஒரு தாளோடு மைக்கைப் பிடித்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் மைக்கில் பெயர் வாசிப்பது கொடுத்தவருக்குத்தான். கோயில் கொடைக்கு ஒரு டியூப்லைட் தந்தவர்கூடத் தன் பெயர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாங்குகிறவர் பெயரை வாசிப்பார்கள் என்று நான் எங்கே கண்டேன்?

"அடுத்து, வேலையை இழந்து வாடும் சகோதரர் ஆண்டனி குடும்பம். ஜெபத்தோடு வரவேற்போம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல மனசோடுதான் தட்டினார்கள். எனக்குப் பின்னால் ஒரு குரல், "அண்ணனுக்கு வேல இல்லியா? தெனம் காலையில போறாரே லா?" என்றது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவர் தன் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மகள் மைலோவைப் பார்த்து எழுந்துவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார், இரண்டு கையாலும் பையை வாங்கினார், போட்டோவுக்குச் சிரித்தார். நான் கத்தியிருக்கலாம், மைக்கைப் பிடுங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

படியிறங்கும்போது அக்கா சத்தம் போடவில்லை. "ஒன்ன வூட்டு ஆளுன்னு நெனச்சி சொன்னேன் மா," என்றார். பிறகு காலையில் பசியாறிட்டியா என்று கேட்பாரில்லை. ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் அழுதேன். "பேரெல்லாம் மைக்குல சொன்னாங்களா! மரியாததானடி, எதுக்கு அழுவுற?" என்றார். அங்கே உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் கதவைத் திறந்தால் செருப்பு அலமாரி மேல் ஒரு தட்டு. கேக், முறுக்கு, நெய் உருண்டை, தூசி படாமல் மேலே மூடிய காகிதம். வருஷா வருஷம் வருகிற தட்டுதான். ஆனால் வழக்கமாகக் கதவைத் தட்டி, "சாப்பிடு லா, எளச்சிப் போயிருக்க" என்று கையில் திணிப்பார். இந்த வருஷம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் வீட்டைத் தாண்டிப் போக அவருக்கு மனசு வரவில்லை, தட்டவும் வரவில்லை.

பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஊரிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். இரண்டு இடத்துக்கும் பொதுவாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கழுவித் துடைத்துவிட்டேன். பழம் வைக்கப் போனேன், இரக்கப்பட்டு வைத்த மாதிரித் தெரிந்தது. சீனி போட்டேன், அதுவும் சபைப் பை மாதிரியே இருந்தது, கொட்டிவிட்டேன். ஒரு காலில் செருப்பை மாட்டி, ஒரு கால் இன்னும் வீட்டுத் தரையில் இருக்க, வெறும் தட்டை நெஞ்சோடு பிடித்தபடி எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே அக்கா பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்கிறது.