கொப்பி முடியட்டும்

என் கணவர் கலியாண வீடியோ எடுப்பவர். அவர் மௌத்தானபோது மருதமுனைப் பெண் ஒருத்தியின் கலியாண வீடியோ கொடுபடாமல் எங்கள் கம்பியூட்டரில் கிடந்தது. அது அமானிதம். பிறர் பொருளை வைத்துக்கொண்டு போன பழி அவர் மேல் நிற்கக்கூடாது என்பதுதான் கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா நாட்களில் எனக்கிருந்த ஒரே கவலை.

பெண் வீட்டார் அனுப்பிய ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி பண்ணப் போட்டால் அசையவே இல்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போட்டது இரவு இஷாவுக்கும் முடியவில்லை. பழுது பார்க்கிறவரை வீட்டுக்குள் எடுக்கவும் முடியாது. இத்தாவில் அந்நிய ஆண்களுக்கு முன்னால் நான் வருவதில்லை. கத்தாரில் கம்பியூட்டர் வேலை பார்க்கும் என் தம்பியை வீடியோ கோலில் பிடித்தேன்.

"மச்சான் கம்பியூட்டருக்குள்ள புது டிஸ்க்தானே போட்டாரு?" என்றான்.

"ஓம். பெட்டியில பெரிய நம்பர் போட்டிரிந்திச்சு. பொய்க்காரனுகள்."

"அது வயரால போகக்கூடிய வேகம், ராத்தா. டிஸ்க் அவ்வளவு ஓடாது. ஆனா இப்படியும் இழுபடாது. கன்ட்ரோலர் செட்டிங்கக் காட்டுங்க."

போனைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு அவன் சொன்ன இடமெல்லாம் அமத்தினேன். டிஎம்ஏ என்று இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ என்று இருந்தது; அது பழைய காலத்து ஆமை வேகமாம். எப்போதோ வயர் இளகிப் பிழை வந்திருக்கிறது. பிழை கூடினால் கம்பியூட்டர் தானாக வேகத்தைக் குறைத்துவிடுமாம். திரும்பக் கூட்ட மட்டும் அதற்குத் தெரியாதாம். என்ன அறிவுகெட்ட மெஷின்! வயரை இறுக்கிக் குத்தி, அவன் சொன்னபடி செட்டிங்கில் அந்த டிஸ்க்கின் சேனலை அழித்து, கம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டேன்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கொப்பி முடிந்திருந்தது.

"இவ்வளவுதான் வேலை. மச்சான் ஏன் எனக்கிட்ட ஒரு நாளும் சொல்லல்ல?"

"டிஸ்க் எண்டா இப்படித்தான் எண்டு நினைச்சிரிப்பாரு," என்றேன்.

பெண் வீட்டார் வந்து வாங்கிக்கொண்டு, அவருக்காக துஆச் செய்துவிட்டுப் போனார்கள். நான் போய் அவருடைய கதிரையில் உட்கார்ந்தேன். பொழுதுபட்டால் அவர் இருப்பது அதில்தான். சாப்பிடக் கூப்பிட்டால், "கொப்பி முடியட்டும் புள்ள" என்பார். பிள்ளைகள் பார்த்திருந்துவிட்டுத் தூங்கிப்போகும். இந்த மனுஷனுக்கு நம்மைவிட மெஷின்தான் பெரிது என்று எனக்கு ஆத்திரம். அவர் போன பிறகும் அது அடங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஆத்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டில் நடமாடித் திரிந்தேன்.

அவரோ, இழுபட்ட அந்தக் கொப்பி முடிந்ததும் எங்களிடம் எழும்பி வரத்தான் அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரோடு கோபித்துக்கொள்ள இனி ஒன்றுமே இல்லை என்று விளங்கியபோதுதான், ஜனாஸா எடுத்த அன்று வராத அழுகை எனக்கு வந்தது.