எனக்குப் பிடித்த கவுன்சலிங்

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தது. கை காட்டவில்லை. மனது சரியில்லை என்றால் கிளம்பிவிடுவேன் — எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான்.

முருகையனுக்கும் அதுவே போதும் என்று நினைத்தேன் பாருங்கள்...

முருகையன் என் சிநேகிதன். கடல் தொழில். போன மழைக்காலத்தில் அவன் தம்பி போன படகு திரும்பியது, தம்பி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து முருகையன் படகேறுவதில்லை. கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறான். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. இப்படியே விட்டால் ஆளே மிஞ்சமாட்டானே?

திருவாரூரில் ஒரு கிளினிக். இரண்டு கவுன்சலர்கள். ஒருவர் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாராம். இன்னொருவர் துக்கத்துக்கு ஒரு முடிவு கட்டி அனுப்புவாராம். முடித்து வைப்பதுதானே நல்லது? இரண்டாமவரிடம் கூட்டிப்போனேன்.

அந்த அம்மா அன்பானவர்தான். எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டார்.

"உங்க தம்பி இதுல இருக்காருன்னு நினைச்சுக்குங்க சார். சொல்லாம விட்டதைச் சொல்லுங்க. அப்புறம் விடை குடுத்து அனுப்பிருங்க."

முருகையன் நாற்காலியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"உடம்பு இன்னும் கரைக்கு வரலைங்க. தம்பி பொண்டாட்டி பொட்டு வச்சிருக்கு. நான் எப்படிங்க விடை குடுப்பேன்?"

எழுந்துவிட்டான்.

உடல் வராதவனுக்கு முருகையன் வீட்டார் காரியம் செய்ய அவசரப்படுவதில்லை. படத்துக்கு மாலை போடுவதில்லை. எனக்கு இது தெரியாதா? அந்த வீட்டில் சாப்பிட்டவன் நான்.

நாகப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முருகையன் வெடித்தான்.

"நீ எந்த ஊருலடா ரெண்டு மாசம் நின்ன? உன்னை மாதிரி என்னையும் விட்டுட்டுப் போகச் சொல்றியா? போடா. இனிமே என்னை எங்கயும் கூப்புடாத."

பக்தியுள்ளவன் கோயிலுக்கு அனுப்புவான். கண்டிப்பானவன் அதட்டுகிற டாக்டராகத் தேடுவான். ஓடிக்கொண்டே இருக்கிறவன்..? அடுத்தவன் மனதுக்கு மருந்து வாங்கும்போதும் நம் ருசிக்குத்தான் வாங்குகிறோம்.

கேட்டுக்கொண்டே இருப்பாரே, அவரிடம் போயிருந்தால் உட்கார்ந்திருப்பானோ என்னவோ. இனி எந்தக் கவுன்சலரிடமும் அவன் வரமாட்டான். அந்தக் கதவை நானே சாத்திவிட்டேன்.

அன்றே கிளம்பி நடந்தவன், இரவு வேளாங்கண்ணி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிந்ததும் வந்த வழியே திரும்பி நடந்தேன் — எனக்கே ஆச்சரியம். நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்க ஆள் கேட்டார்கள். சேர்ந்துவிட்டேன்.

அங்கிருந்து பார்த்தால் முருகையனின் முதுகு தெரியும்.