அப்பாவின் பெயர் வந்த வழி

நகரசபை அலுவலகத்து அம்மா இரண்டு பெயர்களின் கீழும் சிவப்புப் பேனையால் கோடு இழுத்தார். அப்பாவின் கடதாசியில் குடும்பப் பெயர் சூசை. என்னுடையதில் பெர்னாந்து. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

மன்னாரில் எங்கள் ஆட்களுக்குத் தகப்பனின் பெயர்தான் பின்பெயர். அப்பா பெர்னாந்து, அவரைப் பெற்றவர் சூசை. ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு இதை ஜெர்மனில் சொல்லத் தெரியவில்லை. பிறப்புப் பத்திரம் சண்டையில் வீட்டோடு எரிந்துவிட்டது. சொந்தக்காரர் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை நகரசபையே உடலை எரித்துவிடுமாம். “என்னை எரிக்க விடாதை பிள்ளை, மண்ணுக்கை வை” என்று அப்பா என் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார்.

அகதி விடுதியில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்த அண்ணை மொழிபெயர்க்க வந்தார். அவருடைய சாட்சியும் எடுபடவில்லை. கடைசியில் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த ஜெர்மன் பாதிரியார் எங்கள் வழக்கத்தைக் கேட்டுவிட்டுத் தடித்த புத்தகங்களை இறக்கினார். பெர்னாந்து, போர்த்துக்கீசர் மன்னாருக்குக் கொண்டுவந்த பெயராம். ஸ்பானியத்தில் எர்னாந்தோ, பிரெஞ்சில் ஃபெர்னான். எல்லாவற்றுக்கும் அடி பழைய ஜெர்மானியக் கூட்டமான கோத்தர்களின் பேச்சாம். பிறகு அதே பெயர் பெர்டினாண்ட் என்று ஜெர்மனிக்கே திரும்பி வந்ததாம்.

“பாத்தியே, கொப்பர் அகதியில்லையாம். சொந்த ஊருக்குத்தான் வந்திருக்கிறார். இனி ஆரும் விசா கேக்கேலாது” என்றார் அண்ணை. நான் சிரித்துவிட்டேன். உடனே வெட்கமாக இருந்தது.

பெயரின் பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதியைச் சிலர் பயணம் என்றும் சிலர் சமாதானம் என்றும் சொல்கிறார்களாம். எனக்குப் பொருள் எதுவும் வேண்டியிருக்கவில்லை, அப்பாதான் வேண்டும்.

பாதிரியார் எங்கள் பின்பெயர் வழக்கத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதித் தந்தார். அலுவலகத்து அம்மா ஒரு வரி விடாமல் வாசித்தார். அவர் பதில் சொன்னபோது அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கோத்தரிலையிருந்து மன்னார் வரைக்கும் வடிவா இருக்காம், பிள்ளை. கொப்பரிலையிருந்து உன்னட்டை வாறதுக்குத்தான் ஒரு கடதாசியும் இல்லையாம்.”

“அவர் என்ரை அப்பா” என்று தமிழிலேயே கத்தினேன். அடுத்த மேசைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை தகனத்துக்கு முன் முகம் பார்க்க மட்டும் விட்டார்கள். அதற்கும் ஒரு படிவம். உறவு என்ற இடத்தில் வாசலில் நின்றவர் ‘தெரிந்தவர்’ என்று எழுதி என் பக்கம் திருப்பினார். கையெழுத்து வைக்காமல் உள்ளே போக ஏலாது என்றார் அண்ணை.

வைத்தேன்.