மைனஸ் பதினொன்று

காலை ஐந்தேகாலுக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றதும், வாயைத் திறப்பதற்கு முன்பே, என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொள்வார். வாயால் ஓர் ஊது, பையில் அதற்கென்றே மடித்து வைத்திருக்கும் துணியால் நான்கு துடைப்பு, தெருவிளக்கை நோக்கித் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை. "இதை வெச்சுக்கிட்டு எப்படிய்யா எழுத்துப் பிழை பாக்குறே? இதுல பாத்தா எழுத்தே புழு மாதிரி நெளியுமே!" பிறகு அவரே மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டுவார். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நாற்பத்தெட்டு வயதில், விடிவதற்குள், இன்னொரு ஆளிடம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

அவர் எங்கள் தெருமுனையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்தொன்று. யாருடைய பெயரும் அவர் மண்டையில் தங்காது, பவர் தங்கும். நான் 'ரெண்டரை'. எதிர்வீட்டு ஆசிரியை 'மைனஸ் நாலு'. கண்ணாடியே வேண்டாம் என்று அடம்பிடித்துப் பேப்பரைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கும் வங்கி மேலாளர் 'வெள்ளெழுத்து'. ஒருநாள் வங்கிக்கே போய், நாலு பேருக்கு நடுவில், "வெள்ளெழுத்து வந்துட்டாரா?" என்று கேட்டிருக்கிறார் மனிதர்.

அவருடைய பவர் மைனஸ் பதினொன்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் தன் விரல்களை எண்ணவே மூக்கருகில் கொண்டுவர வேண்டும். அதுவும் வலது கண்ணால் மட்டும். இடது கண் பிறவியிலேயே சோம்பேறி. வெளிச்சம் எது, இருட்டு எது என்று சொல்லும். அதற்கு மேல் ஒரு வேலையும் செய்யாது. "ஒண்ணு உழைக்குது, ஒண்ணு உக்காந்து சாப்பிடுது. எல்லா வீட்டுலயும் அப்படித்தானே?" என்பார்.

கடை ஒரு நீளமான அறை. முன்னால் பிரேம்கள், நடுவில் பவர் பார்க்கும் நாற்காலி, பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி, லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால். எனக்கு அவர் அண்ணி. பேச்சு குறைவு. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுக்கும் ஆள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டே இருபத்தாறு வருடத்தை ஓட்டியவர் நம் கடைக்காரர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தவறு நடந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு மைனஸ் மூன்றில் நீச்சல் கண்ணாடி வரவழைக்க வேண்டும். இவர் எழுதிய மூன்று, பார்க்கிறவனுக்கு எட்டாகத் தெரிந்திருக்கிறது. வந்தது மைனஸ் எட்டு. திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "வீணாப் போகக் கூடாதுல்ல" என்று தானே அதை எடுத்துக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனார். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் வகுப்பில், இடுப்பளவுத் தண்ணீரில், கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். அடுத்த நொடி குளமே அதிரும்படி ஒரு சத்தம். "ஓடு தெரியுதுய்யா! தரையில பதிச்ச ஓடு தெரியுது எனக்கு!" பிள்ளைகள் பயந்து கரையேறிவிட்டார்களாம்.

அன்று பிடித்த பைத்தியம். நீச்சலோடு நின்றதா? சைக்கிள் வந்தது, ஓட்டம் வந்தது, கடைசியில் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் ட்ரையத்லான் பந்தயத்தில் வந்து நின்றது. "ஊருக்கே தூரத்தைக் காட்டிட்டு நான் மட்டும் இருபது அடி ரூமுக்குள்ள உக்காந்திருக்கேன் ரெண்டரை" என்றார் ஒரு தடவை. அவர் சைக்கிள் மிதித்தால் பின்னால் ஸ்கூட்டரில் நான். அவர் ஏரியில் இறங்கினால் கரையில் சிவப்புத் துண்டோடு நான். தண்ணீருக்குள்ளிருந்து அவருக்குத் தெரிவது அந்தச் சிவப்புத் தீற்றல் ஒன்றுதான். "அசையாம நில்லு. நீ அசைஞ்சா எனக்குக் கரையே அசையும்" என்று உத்தரவு வேறு. மூக்கு அரித்தால்கூடச் சொறிய விடமாட்டார்.

போன இரண்டு வருடமும் பந்தயத்தில் தோற்றார். தோற்பது என்றால் கடைசியாக வருவது அல்ல. அதைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பார். எழுநூற்றைம்பது மீட்டரை அரைமணி நேரத்துக்குள் நீந்தாவிட்டால், படகில் வந்து ஆளைத் தூக்கிவிடுவார்கள். போன வருடம் கரைக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டார்கள். படகில் மல்லாந்து கிடந்தபடி வந்தார். ஒரு வாரம் கடையில் யாருடைய கண்ணாடியையும் துடைக்கவில்லை.

இந்த வருடப் பந்தயத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. வாசலில் நின்றபடி முகத்துக்கு முன்னால் கையை வீசினார். "உங்க தெருவுல கொசு ஜாஸ்தி ஆயிடுச்சு." கொசு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மறுபடி வீசினார். மூன்றாவது முறை தூக்கிய கையைப் பாதியிலேயே நிறுத்தி மெதுவாக இறக்கிக்கொண்டார். எனக்குப் பகீரென்றது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது, ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது என்று யாராவது அவர் கடையில் வந்து சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பவர் பார்க்க மாட்டார். "கண்ணுக்குள்ள ரெட்டினா கிழியுற அறிகுறி இது. இப்பவே ஆஸ்பத்திரி. வீட்டுக்குப் போய்ட்டுப் போறேன்ற பேச்சே வேணாம்" என்று வண்டி பிடித்து ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை.

"மின்னலும் வெட்டுதாண்ணே?"

"லேசா."

"எந்தக் கண்ணு?"

"உழைக்கிற கண்ணு."

நான் கத்தினேன். பால் போடுகிறவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். அந்தக் கண் போனால் கடை எங்கே, நீங்கள் எங்கே என்றெல்லாம் கேட்டேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கிழமை முடியட்டும். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியே நான் வாசல்ல நிப்பேன். இந்தத் தடவையும் விட்டுட்டா அப்புறம் எனக்கு தைரியமே வராதுடா. உங்க அண்ணிகிட்ட மட்டும் மூச்சு விட்டே, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." அதுவரை அவர் என்னை 'டா' போட்டதில்லை. நான் அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும். புதன்கிழமை நான்தான் கூட்டிப்போனேன். எங்கள் குடும்ப டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார், கடைசியில் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் காட்டி, வலது கண்ணால் படிக்கச் சொன்னார். இவர் ஆறு வரியையும் தங்குதடையில்லாமல் படித்துக் காட்டினார். "பேஷ்!" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் உறைத்தது. அந்த அட்டையில் கடைசி வரியின் கடைசி எழுத்தைப் பக்கத்துக் காலண்டரின் மூலை மறைத்துக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துப் படித்திருந்தார்! இருபத்தாறு வருடமாகக் கடையில் தொங்கும் அதே அட்டை. அவருக்கு அது தூக்கத்திலும் மனப்பாடம். எழுத்தை எண்ணியே பிழைப்பு நடத்துகிற என் முன்னால் நடந்த மோசடி இது. திரும்பிப் பார்த்தேன். "ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஏரிக்கரையில் நூற்றுச் சொச்சம் பேர். அண்ணியும் வந்திருந்தார். போன இரண்டு வருடமும் அவர் வந்ததில்லை. விசில் ஊதினார்கள். மஞ்சள் தொப்பிகள் மொத்தமாகத் தண்ணீரில் விழுந்தன. ஆரஞ்சு நிறத்தில் மூன்று மிதவைகள். மூன்றையும் சுற்றிவிட்டுக் கரைக்கு வர வேண்டும். நான் சிவப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். முதல் மிதவையை ஒழுங்காகச் சுற்றினார். பத்து நிமிடம். இப்படியே போனால் எப்படியும் வந்துவிடுவார்.

இரண்டாவது மிதவையிடம் நின்றுவிட்டார். நின்ற இடத்திலேயே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு வேகமாக நீந்த ஆரம்பித்தார், மிதவை இல்லாத பக்கமாக. அங்கே பாதுகாப்புப் படகு ஒன்று நின்றிருந்தது. அதுவும் ஆரஞ்சு.

"எங்க போறாரு இவரு?" என்றார் அண்ணி.

படகு அவரைத் தூக்கிவிடக் கூடாதா என்று வேண்டினேன். அதே நொடியில், தூக்கிவிடக் கூடாதே என்றும் வேண்டினேன். படகுக்காரர் துடுப்பைத் தூக்கித் திசை காட்ட, இவர் திரும்பினார்.

"அண்ணி," என்றேன். "அஞ்சு நாளா அண்ணனுக்கு வலது கண்ணுல மின்னல் வெட்டுது."

அண்ணி என் பக்கம் திரும்பினார். திட்டுவார், அறைவார் என்றுகூட எதிர்பார்த்தேன். என் கையிலிருந்த துண்டை வாங்கித் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தன் கணவர் கரை சேரும்வரை அந்தக் கைகள் இறங்கவில்லை. இருபத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடி. கடிகாரத்தைப் பார்த்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயதானால் இப்படித்தான், எதற்கு அழுகிறோம் என்றே தெரியாது.

சைக்கிள்களைக் கயிறு கட்டித் தடுத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு நடுவர் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். "ஹெல்மெட் வாரை மாட்டிட்டுத்தான் சைக்கிளைத் தொடணும்! சைக்கிள் கையில இருக்கும்போது வாரைக் கழட்டினா ஆள் அவுட்! அப்புறம் வந்து கெஞ்சாதீங்க!" இவர் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணாடியை மாட்டினார். தன் சைக்கிளைத் தாண்டிப் போனார். திரும்பி வந்து மறுபடியும் தாண்டினார். மூன்றாவது தடவை கம்பியைத் தடவித்தான் கண்டுபிடித்தார். ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரைக் 'கிளிக்' என்று பூட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கயிற்றோரமாக வந்தார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவருடைய வலது கைப்பக்கமாக அண்ணி நின்றார். "நில்லுங்க" என்றார். அதிர்ந்து சொல்லவில்லை. ஆனாலும் அவர் நின்றார்.

"வந்துட்டேன் பாத்தியா! ஒண்ணேகால் நிமிஷம் மிச்சம் வெச்சு வந்துட்டேன்!"

"பாத்தேன். தலையைத் திருப்பாதீங்க. நேரா ஏரியைப் பாத்துக்கிட்டே ஓரக்கண்ணால பாருங்க. எத்தனை விரல் காட்டுறேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "துரோகி" என்றார். பிறகு ஏரிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. எத்தனை?"

"ஒரு மணி நேரம்மா. இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஒரு சின்ன ஓட்டம். அவ்வளவுதான். முடிச்ச கையோட நேரா ஆஸ்பத்திரி."

"எத்தனை விரல்?"

பின்னால் வந்த இரண்டு பேர் அவரை விலக்கிக்கொண்டு போனார்கள். "ஏறுங்க சார், ஏறுங்க, வழியை மறைக்காதீங்க!" என்றார் நடுவர்.

"மூணு" என்றார் இவர்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் கயிற்றின் மேல் இருந்தன.

"நான் கையைத் தூக்கவே இல்லைங்க" என்றார் அண்ணி.

அவர் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார். காலிலிருந்து தண்ணீர் வழிந்து மண்ணில் ஊறியது. நடுவர் விசிலை வாயில் வைத்தார். இவர் ஒரு காலைத் தூக்கிச் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் போட்டார். பிறகு கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல், கயிற்றுப் பக்கமாகக் குனிந்து, கண்களை மூடிக்கொண்டு, வாரைக் கழற்றிவிடும்படி தாடையை மனைவியிடம் தூக்கிக் காட்டினார்.