இடப்பக்கம் என்று சொன்னேன்

“இந்த நட்டை எந்தப் பக்கம் சுத்தினா கழலும் பாப்பா? புக்குல பாத்துச் சொல்லு” என்று வெள்ளச்சி அக்கா கேட்டார்.

மேஜை ரம்பத்தின் பிளேடு பல் மழுங்கி, பலகையை அறுப்பதற்குப் பதில் கருக்கிக்கொண்டிருந்தது. புதியதை மாட்ட வேண்டும். மலைவேம்புப் பிசினும் மழைக்கால ஈரமும் சேர்ந்து பழைய பிளேடைத் தண்டோடு இறுக்கிவிட்டிருந்தன. அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு சுழலாமலிருக்க அதன் பல்லில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, ஸ்பேனரோடு நின்றார். நான் மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தேன். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாத சொற்கள் நான்கைந்து இருந்தன. படத்தில் இருந்த அம்புக்குறி பிளேடுக்கா நட்டுக்கா என்று புரியவில்லை.

“எல்லா நட்டும் மாதிரிதான்க்கா. இடப்பக்கம்” என்றேன்.

அவர் உடனே திருப்பவில்லை. மெஷினைப் பொருத்த வந்த கள்ளக்குறிச்சி மெக்கானிக் குமாரை நினைத்துக்கொண்டு, “அந்தப் புள்ள மாட்டுறப்ப வேற மாதிரி சுத்திக்கினு இருந்தாப்ல இருந்துச்சே” என்றார்.

“நீங்க எதிர்ப்பக்கம் நின்னு பாத்திருப்பீங்க.”

“புக்குல அப்படித்தான் போட்டிருக்குதா?”

“போட்டிருக்குக்கா.”

“அப்ப சரி” என்று ஸ்பேனரை நட்டில் வைத்தார்.

நான் நைனார்பாளையத்துக்காரி. பத்தாவது வரை ஆங்கில வழி, பிறகு தமிழ் வழி. இரண்டும் தெரிந்தவள் என்றுதான் மலைமேல் கரியாலூர்ப் பக்கத்து மகளிர் குழுவில் எழுத்து வேலைக்கு எடுத்தார்கள். குழு தேனீப் பெட்டி செய்து விற்கிறது. என் பேச்சு குறைவாக இருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

மெஷின் வந்த அன்று அது போட்ட சத்தத்தில் பதினோரு பெண்கள் கொட்டகைக்கு வெளியே ஓடினார்கள். வெள்ளச்சி அக்கா மட்டும் நின்று பார்த்தார். நாற்பது வயதிருக்கும். சாமை விதைத்தும் கடுக்காய் பொறுக்கியும் இரண்டு பெண்களை வளர்த்தவர். கணவர் கேரளாவில் தோட்ட வேலை. வந்தால் பொங்கலுக்கு வருவார். நான்கு நாளில் அக்கா மெஷினைப் பழகிவிட்டார். காலையில் கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், முந்தானையை இறுகச் செருகுவார், பிறகுதான் ஸ்விட்ச். டேப்பில் எண் படிக்க வராது. ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கீறி வைத்திருந்தார். அந்தக் கீறலுக்கு அறுத்த பலகைகள் ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் பொருந்தின.

குழுத் தலைவி குஞ்சம்மாள் ஒருமுறை, புருஷன்கிட்டகூட இவ்வளவு ஆசையா இருந்திருக்க மாட்டியே என்று சீண்டினார். அக்கா பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: “இது அமுக்கினா நிக்குது. அவரு எங்க நிக்கிறாரு.”

மெஷினை அப்படிப் பழகிய கையைத்தான் நான் கெடுத்தேன்.

இடப்பக்கம் இழுக்க இழுக்க நட்டு இறுகியது. பிசின் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் இருவரும் நினைத்தோம். அக்கா ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தார். ஸ்பேனர் நழுவியது. வலது கை நேராகப் பிளேடின் பல்லில் போய் மோதியது. மழுங்கிய பல்தான்; ஆனாலும் இரண்டு விரல்களின் நரம்பை அறுத்துவிட்டது.

வேனில் மலை இறங்கும்போது அக்கா, என் துப்பட்டாவைச் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய பெண் பள்ளி விட்டு வந்தால் சாவி எங்கே என்று தேடுவாளே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோதுதான், பையில் வந்துவிட்ட அந்தப் புத்தகத்தை எடுத்து, தெரியாத சொற்களைப் போனில் தேடிப் பார்த்தேன். இந்த மெஷினின் நட்டு வழக்கத்துக்கு மாறானது, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும் என்று தெளிவாக இருந்தது. தேட மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

மறுநாள் குமார் வந்து, எண்ணெய் விட்டு ஊற வைத்து, வலப்பக்கம் சுற்றிக் கழற்றிக் கொடுத்தார். இது தலைகீழ் நட்டு, தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் குழுக் கூட்டம். தையல் பிரித்தாலும் அந்த இரண்டு விரலும் மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷினை இனி இருசம்மாள் பார்க்கட்டும், வெள்ளச்சி தேனீப் பெட்டியின் மரச்சட்டத்துக்கு மெழுகு தடவட்டும் என்று முடிவானது. இருசம்மாள் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், எட்டாவது படித்தவர். குஞ்சம்மாள் சொல்லச் சொல்ல நான் தீர்மான நோட்டில் எழுதினேன். ‘வெள்ளச்சி படிப்பறிவின்றி, கவனக்குறைவாக மெஷினைக் கையாண்டதால்’ என்ற இடத்தில் என் பேனா நின்றது. என்ன நடந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்காமலே சொல்ல அப்போது வாய் இருந்தது.

அக்கா மட்டும் என்னைப் பார்த்தார். “எழுது பாப்பா, நேரமாவுது” என்றார்.

எழுதினேன். கையெழுத்துப் போட அவர் முதியோர் வகுப்பில் கற்றிருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்து எழுத்தையும் போடுவார். அன்று பேனா பிடிக்க முடியவில்லை. நான் எழுதிய வரிக்குக் கீழே இடது கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தார்.

அதன்பின் ஒருநாள் மெழுகு டப்பாவை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் தடவிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இருந்ததா என்று இன்றும் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

“இருசம்மா புதுசா நிக்கிறா, அவளுக்கு ரெண்டும் சின்னப் புள்ளைங்க. அந்தப் புக்குல இருக்கிறத தமிழ்ல எழுதி செவுத்துல ஒட்டிடு பாப்பா. தெரியாத எடத்துல தெரியலன்னே எழுது. நாங்க வேற யாரையாச்சும் கேட்டுக்குறோம்.”