மகளின் நம்பர்

எங்கள் ஊர் தெப்ராவில் கணினி பழுதுபார்ப்பவர் அவர். ஒல்லியான மனிதர். ஒவ்வொரு முறையும் என்டர் பட்டனை அழுத்தும் முன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

கூலாய் நெடுஞ்சாலை விபத்தில் இறந்த என் மகளின் குரல் பதிவுகள் வீட்டு நெட்வொர்க் டிரைவில் இருந்தன. அவளுடைய பழைய கணினி பழுதானதால், புதியதில் ஏறக்குறைய அதே லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். டிரைவ் திறக்கவில்லை. எல்லாம் அழிந்துவிட்டதென்று நினைத்து, டிரைவையும் கணினியையும் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு ஓடினேன்.

“எல்லாம் இருக்குண்ணே. டிரைவ் பேரப் பாக்காது லா, யூசர் நம்பரத்தான் பாக்கும். பழசுல உங்க மகளுக்கு ஒரு நம்பர், புதுசுல உங்களுக்கு வேற. அதான் உள்ள விடல.”

“இப்ப?”

“அவங்க நம்பர உங்களுக்குப் போட்டுட்டேன். இனிமே டிரைவுக்கு நீங்கதான் அவங்க.”

பதிவுகள் திரையில் வந்ததும் ஸ்பீக்கரை என் பக்கம் திருப்பிவிட்டு வெளியே போய்விட்டார்.

டிரைவை மகளையே திறக்கச் சொல்லியிருக்கலாமே என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவள் இறந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவுமில்லை.